எருவுக்காகத்தானே?

கூந்தன்குளத்தில் ஒரு வீட்டின் புறக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். மார்ச் மாதத்துக் காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. தலைக்கு மேலே ஒரு வேப்பமரம். இலைகளைவிட நாரைகளே மிகுதி என்று சொல்லும்படி மஞ்சள் மூக்கு நாரைகள் அதில் கூடு கட்டியிருந்தன. மரத்தின் தழை, அடிமரம், கீழே துணி துவைக்கும் கல், கோழிக்கூடு, ஓட்டுக் கூரை எல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தன. அழுகிய மீனின் வாடை மூக்கைத் துளைத்தது. அந்த வீட்டு அம்மா, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். நாம் கைக்குட்டையால் மூக்கை மூடியதைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. “ரெண்டு நாள் இருந்தியள்னா பழகிரும்யா” என்றார்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டிக்கு அருகே உள்ள சிற்றூர் இது. கூந்தன்குளம், காடன்குளம் ஆகிய இரு குளங்களையும் சேர்த்துச் சுமார் 129 எக்டேர் பரப்பு 1994-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. முண்டந்துறையையும் முதுமலையையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது சரணாலயமாகவே தோன்றாது. சரணாலயம் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். அரசு ஆவணத்தில் அதற்கு ஓர் எல்லை இருக்கலாம். பறவைகள் அதைப் படித்ததில்லை. குளத்துக் கருவேல மரங்களில் இடம் நிறைந்தவுடன் அவை ஊருக்குள் வந்து, வேம்பிலும் புளியிலும் குடியேறிவிடுகின்றன.

அன்று நம்முடன் நண்பர் ஒருவர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், எதையும் எளிதில் நம்பிவிடாதவர். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தேநீர்க் கடையில் அமர்ந்தபோது நாம் இவ்வூர் மக்களின் அன்பை வியந்து பேசத் தொடங்கினோம். அவர் குவளையை வைத்துவிட்டு, “எருவுக்காகத்தானே?” என்றார். “பறவையின் எச்சம் குளத்து நீரில் கலக்கிறது. அந்த நீர் வயலுக்குப் பாய்கிறது. கோடையில் வண்டல் மண்ணையும் அள்ளிக்கொள்கிறார்கள். விளைச்சல் பெருகுகிறது. பால் தரும் பசுவுக்குப் புல் போடுவதை நாம் தருமம் என்றா சொல்கிறோம்? இதில் மட்டும் புண்ணியம் எங்கிருந்து வந்தது?”

அப்போது நம்மிடம் விடை இல்லை. அக்கேள்வி பறவைகளைப் பற்றியது மட்டும் அன்று என்பதும் மெல்லத்தான் விளங்கிற்று. முதியோரைப் பேணுகிற மகன், நோயாளியைக் கவனிக்கிற செவிலி, நேர்மையாகத் தொழில் நடத்துகிற முதலாளி ஆகிய எல்லாரையும் பார்த்து இதே கேள்வியைக் கேட்டுவிடலாம். ஆதாயம் கலந்த நன்மை நன்மையாகுமா?

விடை தேடுமுன், அங்கே நாள்கள் எப்படிக் கழிகின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாற்று நீரும் குளத்தை நிரப்பியபின் பறவைகள் வரத் தொடங்குகின்றன. பார்க்க வருபவர்கள் எல்லாவற்றையும் வெளிநாட்டுப் பறவைகள் என்றே சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றால்தான் நமக்கு மதிப்பு! இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து போன்ற விருந்தாளிகளும் உண்டு என்பது மெய்யே. ஆனால் அவை இரை தேடித் தங்கிவிட்டுப் போகின்றவை. கூடு கட்டிக் குஞ்சு பொரித்து ஊரையே வெளுக்க வைக்கிற நாரையும் கூழைக்கடாவும் நம் நாட்டுப் பறவைகளே.

நாரை ஒரு விசித்திரமான மீனவன். ஆழமில்லாத நீரில் நின்று, அலகைப் பாதி திறந்தபடி நீருக்குள் வைத்து இப்படியும் அப்படியும் அசைக்கிறது. கண்ணால் தேடுவதில்லை. மீன் அலகில் பட்டதும் சட்டென்று மூடிக்கொள்கிறது. கலங்கிய நீரிலும் அதற்குக் குறையில்லை. வளர்ந்த நாரைக்குக் குரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கூட்டில் இணையைக் காணும்போது அலகைத் தட்டி ஓசை எழுப்பும், அவ்வளவே. அதற்கும் சேர்த்துக் குஞ்சுகள் கத்தித் தீர்க்கின்றன. விடிவதற்கு முன்பே தொடங்கும் அந்த இரைச்சல் இருட்டிய பின்னும் அடங்குவதில்லை. கூழைக்கடாவின் குஞ்சோ தாயின் பைபோன்ற அலகுக்குள் தலையை நுழைத்து உணவை எடுக்கிறது. முதன்முறை பார்ப்பவருக்குத் தாய் பிள்ளையை விழுங்குகிறதோ என்ற அச்சம் எழும்.

கூடுகள் நெருங்கியிருப்பதால் குஞ்சுகள் தவறி விழுவது அன்றாட நிகழ்ச்சி. காற்று பலமாக வீசிய இரவுகளுக்குப் பிறகு இன்னும் அதிகம். விழுந்த குஞ்சைத் தாய்ப்பறவை தரையில் வந்து ஊட்டுவதில்லை. நாயும் பூனையும் காத்திருக்கும். அவற்றுக்கு முன்னே ஓடிப்போய் எடுத்து, பறக்கும் பருவம் வரும்வரை மீன் கொடுத்து வளர்ப்பது இவ்வூரில் நெடுநாளைய வழக்கம். ஊரில் வெடி வெடிப்பதில்லை. தீபாவளிக்கும் இல்லை, வேறு விசேடங்களுக்கும் இல்லை. இவ்வளவு பொறுமைக்கும் கிடைப்பது மரத்துக்கும் நன்மையன்று. எச்சம் படிந்து படிந்து கிளைகள் காய்ந்து போகின்றன. நாம் பார்த்த வேம்பிலேயே மேற்கிளைகள் இரண்டு பட்டுப்போயிருந்தன.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். செர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளிவந்த தம் நூலொன்றில் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். அவர் விலை தெரியாத சிறுபிள்ளை வந்தாலும் ஏமாற்றுவதில்லை; எல்லாருக்கும் ஒரே விலை. செயல் சரியானதே. ஆனால் நாணயம் போனால் வியாபாரம் போய்விடும் என்பதற்காக அவர் அப்படி நடந்தால், அச்செயலுக்கு அறமதிப்பு இல்லை என்பது காண்ட்டின் முடிவு. நண்பர் சொன்னதும் இதுவே. கூந்தன்குளம் ஒரு நாணயமான கடை, அவ்வளவுதான்.

திருவிவிலியத்தின் இணைச்சட்ட நூலில் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. வழியில் பறவைக்கூடு ஒன்றைக் கண்டால், முட்டையோடோ குஞ்சோடோ இருக்கும் தாயைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அதைப் போகவிட வேண்டும் என்பது அதன் கருத்து. அத்தோடு நில்லாமல், அப்படிச் செய்தால் நலமும் நீண்ட வாழ்நாளும் வாய்க்கும் என்றும் அது வாக்களிக்கிறது. தாய் தந்தையரை மதிப்பதற்குச் சொல்லப்பட்ட அதே பரிசு ஒரு பறவையைப் போகவிடுவதற்கும் சொல்லப்பட்டிருக்கிறது. நன்மையோடு ஆதாயத்தைச் சேர்த்துச் சொல்ல அச்சட்டம் நாணவில்லை. அதிலும் ஓர் உட்பொருளைக் காணலாம்: தாயைப் பிடித்தவனுக்கு அடுத்த ஆண்டு குஞ்சும் இல்லை, முட்டையும் இல்லை. விட்டுக்கொடுப்பவனின் நலமும் விடுபட்டதன் நலமும் பல நேரங்களில் ஒரே வேரில் நிற்கின்றன. ஆனால் இதைச் சொன்னால் நண்பர் ஒத்துக்கொள்ளமாட்டார். பரிசு என்பது பலவீனர்களைத் தூண்டுவதற்குத்தான் என்பார். ஒருவகையில் அதுவும் உண்மையே.

நண்பரின் வாதத்தில் உள்ள ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது என்று இப்போது எண்ணுகிறோம். காண்ட்டின் கடைக்காரர் ஒரே ஆள். விட்டுக்கொடுப்பவரும் அவரே, ஆதாயம் அடைபவரும் அவரே. ஓர் ஊர் அப்படிப்பட்ட ஒற்றை ஆள் அன்று. எரு யாருக்குப் போகிறது? நிலம் உள்ளவருக்கு. நாற்றம் யாருக்கு? மரம் உள்ள வீட்டுக்காரருக்கு. வெடிச்சத்தம் இல்லாத தீபாவளி யாருக்குப் பெரிய இழப்பு? பத்து வயதுச் சிறுவனுக்கு. அவனுக்கு எந்த வயலும் கண்ணில் தெரிவதில்லை. ஊர் முழுவதையும் ஒரே கணக்கில் எழுதி, வரவு செலவு சரியாகிவிட்டது என்று சொல்வது தொலைவிலிருந்து பார்ப்பவர் போடும் கணக்கு. கிட்ட வந்து பார்த்தால், ஒருவர் வரவுக்காக இன்னொருவர் செலவைத் தாங்கிக்கொண்டிருப்பது தெரியும். தாங்குகிறவர் கணக்குக் கேட்காதவரை வெளியில் அது தெரிவதுமில்லை.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி என்ற சிறு சரணாலயம் 1977-இல் அமைந்தது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்களும் பறவைகளுக்காக வெடி வெடிப்பதில்லை. அதற்கு நன்றியாக வனத்துறையினர் தீபாவளியன்று ஊராருக்கு இனிப்பு வழங்குவது வழக்கம். அந்த இனிப்பைப் பற்றி நெடுநேரம் யோசித்தோம். அது கூலியா? கூலி என்றால் மிக மலிவு. ஒரு பெட்டி வெடியின் விலைக்குக்கூட ஈடாகாது. கூலியன்று, உங்கள் இழப்பு எங்களுக்குத் தெரியும் என்ற ஒப்புதல். ஆதாயத்துக்கும் ஒப்புதலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நண்பரின் தராசு காட்டுவதில்லை.

இதைச் சொல்லும்போதே நம்மை நாமே எச்சரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நகரத்திலிருந்து அரை நாள் வந்து போகிறவர்கள் கிராமத்தாரைத் தெய்வமாக்கிவிட்டுத் திரும்புவது எளிது. ஆதாயத்தின் மேல் மட்டுமே நிற்கும் காவல், அதைவிடப் பெரிய ஆதாயம் எதிர்த்திசையிலிருந்து வந்தால் சாயும் என்பதில் நண்பர் சொல்வது சரி. வேடந்தாங்கல் மக்கள் இதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். முப்பது எக்டேர் அளவேயான அந்த ஏரியின் நீர் பறவை எச்சத்தால் உரமேறி வயலுக்குப் பாய்வதும், நெல் செழிப்பதும் அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது அவ்வூரார் முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடமிருந்து, பறவைகளைக் காக்கும் உரிமையைக் கௌலாக எழுதி வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த ஆட்சியிடம் ஒரு சிற்றூர் கேட்டுப் பெற்றது வரிக்குறைப்பு அன்று, நாரைக்கு உயிர்ப்பாதுகாப்பு. அதில் எருவின் நினைப்பும் இருந்திருக்கும். இருந்தால் என்ன? மனம் மாறினாலும் ஆள் மாறினாலும் நிற்கக்கூடிய ஒரு தாள் வேண்டும் என்று நினைத்த முன்யோசனைக்கு நாம் தலைவணங்கத்தான் வேண்டும். 2020-இல் அந்தச் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு எழுந்து, எதிர்ப்பும் கிளம்பியது என்பதை நினைத்தால், தாளையும் காவல்காக்க ஆள் வேண்டும் என்பது விளங்கும். இரு சரணாலயங்களும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த செய்தி 2022-இல் வெளிவந்தது. பெருமைதான். ஆனால் ஈரான் நாட்டு ஊரொன்றின் பெயரில் 1971-இல் ஏற்பட்ட உடன்படிக்கை, கூந்தன்குளத்து முற்றத்தைப் பெருக்க வருவதில்லை.

தேநீர்க் கடையிலிருந்து எழுந்தபோதுதான் குடையை அந்த வேப்பமரத்து வீட்டிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிச் சென்றோம். அம்மா இப்போது திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நண்பர் விடவில்லை. “உங்களுக்கு வயல் எத்தனை ஏக்கர் அம்மா?” என்று கேட்டார்.

“வயலுக்கு எங்கய்யா போவ? இந்தப் பீடியும் நூறு நாள் வேலையுந்தான்.”

“அப்படியானால் இந்த எச்சத்தையெல்லாம் என்ன செய்கிறீர்கள்?”

“பெருக்கிக் குமிச்சு வச்சிருப்பேன். வேணுங்கிறவுக கூடையில அள்ளிட்டுப் போவாக.”

“காசுக்கா?”

அவர் நண்பரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “குப்பைக்கு யாருய்யா காசு வாங்குவா?”

மரத்தை வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று நாம் கேட்டோம். கேட்டதற்குப் பிறகு வெட்கமாக இருந்தது. அவர் சுற்றிய பீடியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்க மாமியா இருக்கும்போதே வருது. அவுகளும் பெருக்குனாக, நானும் பெருக்குதேன். மழ இல்லாத வருசம் ஒண்ணுகூட வராது. அப்ப முத்தம் சுத்தமாத்தான் இருக்கும். ஆனா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கும்யா.”

இக்கூற்றில் எருவும் இல்லை, புண்ணியமும் இல்லை. முன்னிருந்தவர் செய்தார், நானும் செய்கிறேன் என்பது மட்டுமே இருக்கிறது. இதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் அதே திருநெல்வேலிச் சீமையின் பொதிய மலையை ஆண்ட ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பாராட்டுவதும் இதையொட்டியதே. இப்பிறப்பில் கொடுத்தது மறுபிறப்புக்கு உதவும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் ஆய். சான்றோர் நடந்த வழி என்பதால் தானும் நடந்தான் என்கிறார் புலவர். ஆதாயம் கருதாமை என்பதைக் காண்ட் தனிமனிதனின் உள்ளத்துக்குள்ளே தேடினார். நம் புலவர் அதை ஒரு பாதையில் கண்டார். முதலில் நடந்தவருக்கு ஏதோ ஓர் ஆதாயம் இருந்திருக்கலாம், யார் கண்டது? பின்னால் வந்தவர்கள் அதைக் கேளாமலே நடந்து நடந்து வழி தேய்ந்து நெறியாகிவிட்டது. எச்சத்துக்குப் பதில் உர மூட்டை கடையில் கிடைக்கும் காலத்திலும் அந்த முற்றங்களில் கோடரி எடுக்கப்படவில்லை என்றால், அந்நெறிக்கும் அதில் ஒரு பங்கு இருக்கத்தான் வேண்டும்.

ஆயினும் இந்த விடையால் நமக்கு நிம்மதி வந்துவிடவில்லை. அதற்குக் காரணம் சொந்தமானது, மறைப்பதற்கில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டு வாசலிலும் ஒரு மரம் இருந்தது. தூங்குமூஞ்சி மரம், தந்தையார் வைத்தது. குருட்டுக் கொக்குகள் அதில் கூடு கட்டும். வாசலில் நிறுத்திய வண்டியிலும் வருகிறவர் சட்டையிலும் எச்சம் விழும். வீட்டில் ஒரு திருமணம் வந்தது. பந்தல் போட வேண்டும், விருந்தினர் வருவார்கள், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஆளை அழைத்துக் கிளைகளை வெட்டச் சொன்னோம். கூட்டில் குஞ்சுகள் இருப்பதை வெட்டுகிறவர்தான் மேலிருந்து கூவிச் சொன்னார். என்ன செய்யட்டும் என்றும் கேட்டார். நாம் ஒரு கணம் தயங்கினோம் என்பதை இங்கே எழுதிக்கொள்கிறோம். அதனால் ஏதும் பயன் விளைந்ததாக அல்ல. “நாள் இல்லை, வெட்டுங்கள்” என்றோம். நான்கு குஞ்சுகளைப் பக்கத்து வீட்டுச் சிறுமி அட்டைப்பெட்டியில் எடுத்துப் போனாள். மறுநாள் அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கிளையிழந்த அடிமரம் இரண்டு ஆண்டில் பட்டுப்போயிற்று.

நண்பரின் கேள்வி நம்மை ஏன் அவ்வளவு சுட்டது என்பது இதற்குப் பிறகே தெளிவாயிற்று. கூந்தன்குளத்தாரின் அன்பில் எரு கலந்திருக்கிறது என்று மெய்ப்பித்துவிட்டால் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று ஆகிவிடும். அவர்களுக்கு ஆதாயம் இருந்தது, காத்தார்கள். நமக்கு இல்லை, வெட்டினோம். அப்படி ஒரு சமாதானம் கிடைக்கட்டும் என்று நம்முள் ஏதோ ஒன்று காத்திருந்தது. பிறர் செய்யும் நன்மையின் நோக்கத்தை நாம் இவ்வளவு நுணுக்கமாக ஆராய்வதெல்லாம் அறத்தின் மேலுள்ள அக்கறையால்தானா என்று, அந்தத் திண்ணையில் நின்றபோது நமக்கு ஐயம் எழுந்தது. நண்பரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் வீட்டு வாசலில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது.

குடையை எடுத்துக்கொண்டு விடைபெற்றோம். அம்மா எழுந்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாம் குடித்துக்கொண்டிருந்தபோது மிக இயல்பாகக் கேட்டார்: “உங்க ஊருல என்னய்யா பறவ கட்டும்?”

“காக்கா” என்றோம்.

“அதுவும் நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு, அவர் செம்பை வாங்கிக்கொண்டார். மேலே குஞ்சுகள் ஒரேயடியாகக் கத்தின. இரையோடு தாய்நாரை வந்து இறங்கியிருந்தது. சற்றைக்கெல்லாம், குஞ்சின் வாய்க்குத் தப்பிய ஒரு சிறு மீன் சொத்தென்று முற்றத்தில் விழுந்தது. நாம் குனிந்து பார்ப்பதற்குள் கோழி அதைக் கொத்திக்கொண்டு ஓடிவிட்டது. அம்மா அந்த இடத்தை மறுபடியும் பெருக்கத் தொடங்கினார்.